எண்சட்டத்தின் பக்கத்தில் கொன்பியூசியஸ்
கலாசாரமும் முகாமைத்துவமும் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

முகாமைத்துவ டிப்ளோமா படிக்கும் என் மருமகன் சென்ற நோன்பு காலத்தில் தன் பாடக் குறிப்புகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "மாமா, இதக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க. கொன்பியூசியஸ் எண்டவர் கம்பனி ஏதும் நடத்தினவரா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வாசித்தேன். இரண்டு நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணை அது. இடது பக்கம் கொன்பியூசிய விழுமியம். வலது பக்கம் அதனால் விளையும் முகாமைத்துவ நடத்தை. மூத்தோரை மதித்தல் என்றால் மேலிருந்து கீழாகத் தீர்மானம் எடுத்தல். குடும்பப் பற்று என்றால் குடும்பக் கம்பனி. முகம் காத்தல் என்றால் நேரடியாக மறுத்துப் பேசாமை. சிக்கனம் என்றால் நீண்ட கால முதலீடு. சீனா, ஜப்பான், தென் கொரியா, தாய்வான், சிங்கப்பூர் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அட்டவணைதான்.

நான் முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். சீன மொழியோ ஜப்பானிய மொழியோ அறியேன். ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகவே இவ்விடயத்தை வாசித்திருக்கிறேன். ஆனாலும் கணக்கு எழுதுபவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு நிரல்கள் அளவுக்கு மிஞ்சிய ஒழுங்கோடு ஒத்துப்போனால் உள்ளே ஏதோ பிழை இருக்கிறது என்று சந்தேகிப்பான். இக்கட்டுரை அந்தச் சந்தேகத்தின் விளைவு.

1

முதலில் அந்த வாதத்துக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கொன்பியூசியஸ் கி.மு. 551 முதல் 479 வரை, இன்றைய சாந்துங் மாகாணத்தில் இருந்த லூ என்னும் சிற்றரசில் வாழ்ந்தவர். அவருடைய வழிவந்தோர் மனித வாழ்வை ஐந்து உறவுகளாக வகுத்தனர்: அரசனும் அமைச்சனும், தந்தையும் மகனும், கணவனும் மனைவியும், மூத்தவனும் இளையவனும், நண்பனும் நண்பனும். ஐந்தில் கடைசி ஒன்றுதான் சமமானவர்களின் உறவு. மற்ற நான்கிலும் ஒருவர் மேல், ஒருவர் கீழ். கொரியாவின் சோசன் அரசு 1392 முதல் 1910 வரை ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக இந்தச் சிந்தனையின் மேல்தான் நின்றது. இவ்வளவு நீண்ட காலம் ஒரு சமூகத்தின் வீட்டிலும் பாடசாலையிலும் ஊறிய ஒன்று காரியாலயத்தின் வாசலோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

நின்றுவிடவும் இல்லை. ஜப்பானியக் கம்பனிகளில் 'ரிங்கி' என்றொரு முறை இருக்கிறது. கீழ்நிலை உத்தியோகத்தர் ஒருவர் ஒரு யோசனையை எழுதி அனுப்புவார். அந்தத் தாள் மேசை மேசையாக ஏறிப்போய், ஒவ்வொருவருடைய முத்திரையும் விழுந்த பிறகு தலைவரிடம் சேரும். தாள் புறப்படும் முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு பேசி இணங்கச் செய்துவிடுவார்கள். இதற்கு 'நெமவாஷி' என்று பெயர். மரத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நடுமுன் வேரைச் சுற்றி மண்ணைப் பதப்படுத்தும் தோட்ட வேலையிலிருந்து வந்த சொல் இது. ஆகவே கூட்டத்தில் யாரும் யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேச வேண்டியதெல்லாம் கூட்டத்துக்கு முன்பே பேசி முடிந்திருக்கும். சீன வியாபாரிகளிடையே 'குவான்சி' எனப்படும் உறவு வலை எழுத்து ஒப்பந்தத்துக்கு நிகரான பெறுமதி உடையது. இவை கற்பனையல்ல. அந்நாட்டவரோடு கொடுக்கல் வாங்கல் செய்த எவரும் கண்டிருப்பர்.

ஆகவே கலாசாரம் முகாமைத்துவத்தைத் தொடுகிறதா என்பதல்ல என் கேள்வி. அட்டவணை சொல்வதுபோல் அது ஒரே திசையில், ஒரே மாதிரியாகத் தொடுகிறதா என்பதே கேள்வி.

2

இந்த வாதத்தின் வரலாறே விசித்திரமானது. ஜெர்மனியச் சமூகவியலாளர் மெக்ஸ் வெபர் 1915இல் சீனாவின் சமயம் பற்றி எழுதியபோது, கொன்பியூசியம் முதலாளித்துவத்துக்கு உதவவில்லை என்றே முடிவு கட்டினார். உலகை மாற்றத் தூண்டாமல் உலகத்தோடு இசைந்து போகச் சொல்லும் நெறி அது என்பது அவருடைய கருத்து. அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. பழைய சீனச் சமூகப் படிநிலையில் கற்றோர், உழவர், கைவினைஞர் ஆகிய மூவருக்கும் பிறகு நாலாவது இடத்தில்தான் வணிகர் வைக்கப்பட்டனர்.

1970களின் பிற்பகுதியிலிருந்து காற்று திசை மாறியது. ஜப்பானும் அதன் பின்னால் கொரியா, தாய்வான், ஹொங்கொங், சிங்கப்பூர் ஆகியனவும் முன்னேறின. அதே கொன்பியூசியம் இப்போது முன்னேற்றத்தின் இரகசியமாயிற்று. பிறகு 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. 1999இல் கொரியாவின் டேவூ குழுமம் சரிந்தது. நேற்றுவரை 'உறவு வலை' என்று புகழப்பட்டதைச் சிலர் 'கூட்டாளி முதலாளித்துவம்' என்று ஏசத் தொடங்கினர். சீனா எழுந்ததும் மறுபடி புகழ்.

நூல் மாறவில்லை, விழுமியம் மாறவில்லை. கணக்கின் விடை மட்டும் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. தோல்விக்கும் வெற்றிக்கும் ஒரே காரணத்தைக் காட்டும் விளக்கத்தை எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார்.

சீனாவைப் பொறுத்தமட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1919 மே நான்கு இயக்கத்தின் இளைஞர்கள் கொன்பியூசியத்தைத் தூக்கி எறியச் சொன்னார்கள். 1973, 1974இல் மாவோவின் ஆட்சி கொன்பியூசியஸுக்கு எதிராக நாடு தழுவிய பிரசார இயக்கமே நடத்தியது. 1980களில் புதிய கம்பனிகளைத் தொடங்கிய பலர் அந்தப் பிரசாரத்தின் கீழ் வளர்ந்தவர்கள். அவர்களுடைய நடத்தையில் கொன்பியூசியஸ் எவ்வளவு, கட்சிக் காரியாலயம் எவ்வளவு என்று பிரித்தறிவது இலேசான காரியமல்ல. அட்டவணையோ அதைக் கேட்பதே இல்லை.

3

அட்டவணையின் மூலம் எது என்று தேடினால் பெரும்பாலும் 1988இல் ஹொஃப்ஸ்டீட், பொண்ட் ஆகிய இருவரும் எழுதிய ஒரு கட்டுரையில் போய் நிற்கும். ஹொங்கொங்கில் பணியாற்றிய பொண்ட், மேலைநாட்டார் தயாரித்த வினாக்கொத்துக்குப் பதிலாகச் சீன அறிஞர்களைக் கேட்டு 40 விழுமியங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். 22 நாடுகளில், நாட்டுக்கு 50 மாணவரும் 50 மாணவியருமாக அதைக் கொடுத்துப் பதில் பெற்றனர். பின்னர் சீனாவும் சேர்ந்து 23 ஆயிற்று. இந்த முயற்சியின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆசியரிடம் ஆசியக் கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்ததே பெரிய காரியம். அதிலிருந்து 'கொன்பியூசியத் தொழில் உந்துதல்' என்றோர் அளவுகோல் பிறந்தது. பிற்காலத்தில் அதற்கே நீண்டகால நோக்கு என்று பெயர் மாற்றினார்கள்.

அதன் புள்ளிகளைக் கொஞ்சம் பார்ப்போம். சீனா 118, ஹொங்கொங் 96, தாய்வான் 87, ஜப்பான் 80, தென் கொரியா 75. இதுவரை சரி. அடுத்து வருவது பிரேசில் 65, இந்தியா 61. சிங்கப்பூர் 48தான். கொன்பியூசியஸின் பெயரைக் கேட்டே வளராத பிரேசில் மாணவர் சிங்கப்பூர் மாணவரைவிடக் கொன்பியூசியராக இருக்கிறார்! நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சோடியும் உண்டு. வங்காளதேசம் 40, பாகிஸ்தான் 0. இரண்டும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள்; 1971 வரை ஒரே நாடு. சமய மரபு ஒன்றுதான் நடத்தையைத் தீர்மானிக்கிறது என்றால் இந்த 40 எங்கிருந்து வந்தது?

அளவுகோலின் உள்ளமைப்பிலும் ஓர் இடறல் இருக்கிறது. விடாமுயற்சி, சிக்கனம், படிநிலையைப் பேணுதல், வெட்க உணர்வு ஆகியன ஒரு முனையில் வைக்கப்பட்டன. முகம் காத்தல், மரபை மதித்தல், அன்பளிப்புக்கு அன்பளிப்பு செய்தல் ஆகியன மறுமுனையில் வைக்கப்பட்டன. இரண்டு முனைகளிலும் இருப்பது கொன்பியூசிய விழுமியந்தான். அப்படியென்றால் அதிகப் புள்ளி எடுத்த நாடு கூடுதலாகக் கொன்பியூசியத்தைப் பின்பற்றுகிறது என்று எப்படிச் சொல்வது? கட்டுரை எழுதியவர்கள் நிதானமாகவே எழுதினார்கள். அதைப் பாடக்குறிப்பாகச் சுருக்கியவர்கள்தான் நிதானத்தை வெட்டிவிட்டார்கள்.

குடும்பக் கம்பனி பற்றிய வரியும் அவ்வாறே. சீன வழக்கில் தகப்பனின் சொத்து ஆண்மக்களிடையே சமமாகப் பிரியும். ஜப்பானில் ஒருவருக்கே போகும். தகுந்த மகன் இல்லையென்றால் மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரையும் கொடுத்துக் கம்பனியை ஒப்படைப்பார்கள். சுசுக்கி மோட்டார் கம்பனியைப் பல தசாப்தங்கள் நடத்திய ஒசாமு சுசுக்கி அப்படி வந்த மருமகன்தான். சங்ஹாயில் பிறந்து அமெரிக்காவில் வாங் கணினிக் கம்பனியை 1951இல் தொடங்கிய ஆன் வாங்கோ 1986இல் தன் மகனையே தலைவராக்கினார். 1989இல் அவரே மகனை நீக்க நேர்ந்தது. 1992இல் கம்பனி வங்குரோத்துக் கோரிற்று. கணினித் துறையின் மாற்றமும் அதற்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 'கொன்பியூசியக் குடும்பம்' என்ற ஒரே சொல் ஜப்பானில் மருமகனையும் சீனர் மத்தியில் மகனையும் கதிரையில் உட்கார வைக்கிறதென்றால், அந்தச் சொல்லால் எதை விளக்க முடியும்?

4

இந்த இடத்தில்தான் ஷிபுசாவா எய்ச்சியின் நூலுக்கு வருகிறேன். 1840இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து 1931இல் இறந்த இவர், 1873இல் ஜப்பானின் முதலாவது நவீன வங்கியைத் தொடங்கி நடத்தியவர். ஏறக்குறைய 500 கம்பனிகளின் உருவாக்கத்தில் இவருடைய கை இருந்தது. 2024 ஜூலையிலிருந்து 10,000 யென் தாளில் இருப்பது இவருடைய முகந்தான். 1916இல் வெளிவந்த இவருடைய நூலின் பெயர் 'ரொங்கோ தோ சொரொபன்'. கொன்பியூசியஸின் உரையாடல் நூலும் எண்சட்டமும் என்று பொருள்.

அந்த நூலை நான் விரும்பியே வாசித்தேன். வணிகனை நாலாம் இடத்தில் வைத்த மரபுக்குள் நின்றுகொண்டே அந்த இடத்தை மாற்ற அவர் முயல்கிறார். கொன்பியூசியஸ் செல்வத்தை வெறுக்கவில்லை, நேர்மையற்ற வழியில் வந்த செல்வத்தையே வெறுத்தார் என்பது அவருடைய வாதம். கொன்பியூசியஸின் சீடர்களுள் ஒருவரான சுகோங் வியாபாரத்தில் கெட்டிக்காரராக இருந்தவர் என்பதும் அதற்குத் துணையாகும். ஒழுக்கம் இல்லாத இலாபம் நிலைக்காது, இலாபம் இல்லாத ஒழுக்கம் நாட்டை வளர்க்காது என்ற கருத்தை நூல் முழுதும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார். ஹலாலான சம்பாத்தியம் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இந்தக் குரல் அந்நியமாகப் படாது.

கவனிக்க வேண்டியது, ஷிபுசாவாவுக்குக் கொன்பியூசியம் தானாக இரத்தத்தில் ஓடுவதாகத் தெரியவில்லை. தன் காலத்து வியாபாரிகளிடம் அது இல்லை என்றுதான் அவர் கவலைப்படுகிறார். கலாசாரம் நடத்தையை உண்டாக்குகிறது என்று அட்டவணை சொல்கிறது. நடத்தை சரியில்லை, ஆகவே பழைய நூலைப் புதிதாக வாசிப்போம் என்று இவர் சொல்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் நூலுக்கு வெளியே ஒரு கதை இருக்கிறது. ஷிபுசாவா முன்னின்று உருவாக்கிய ஒசாக்கா நூற்பாலை 1883இல் இயங்கத் தொடங்கிற்று. இயந்திரம் சும்மா நிற்கக் கூடாதென்று இரவு பகலாக இரண்டு ஷிப்ட் ஓடியது. ஜப்பானின் இத்தகைய ஆலைகளில் இரவு ஷிப்டில் நின்றவர்களில் பெரும்பாலார் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். பெண்களையும் சிறுவரையும் காக்கத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்று தேவை என்ற பேச்சு எழுந்தபோது, ஆலை முதலாளிகள் சொன்ன மறுப்பு மிக முக்கியமானது. நம் நாட்டில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே இருப்பது தகப்பன் பிள்ளை உறவு. அந்த அழகிய வழக்கத்தைச் சட்டம் கெடுத்துவிடும் என்றார்கள். ஷிபுசாவாவும் ஆரம்பத்தில் சட்டத்துக்கு ஆதரவாக இருக்கவில்லை. காலம் சென்றே மனம் மாறினார். 1911இல் நிறைவேறிய சட்டம் 1916இல்தான் அமுலுக்கு வந்தது. அப்போதும் பெண்களின் இரவு வேலைத் தடை மேலும் பல வருடங்களுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அவருடைய நூல் வெளிவந்ததும் அதே 1916இல்.

முதலாளிகள் 'அழகிய வழக்கம்' என்று பேசிய அந்நாட்களில் தொழிலாளர்கள் ஆலைவிட்டு ஆலை ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானின் புகழ்பெற்ற ஆயுட்கால வேலை முறை பழைய கலாசாரத்தின் கொடையல்ல. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் துளிர்த்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய தொழிற்சங்கப் போராட்டங்களில் உறுதிப்பட்டது. டொயோட்டாவில் 1950இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்து நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். அதன் பிறகு வந்ததுதான் அந்தக் கம்பனியின் தொழிலாளர் உறவு. இந்த வரலாற்றை அழித்துவிட்டுக் கொன்பியூசியம் என்று ஒரு சொல்லை எழுதினால், போராடியவர்களின் பங்கைத் தத்துவஞானியின் கணக்கில் வரவு வைத்ததாகிவிடும்.

5

கீழ்ப்படிவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொன்பியூசியஸ் கீழ்ப்படியச் சொன்னார் என்பது பாதி உண்மை. ஐந்து உறவுகளிலும் கடமை இருபக்கமும் இருக்கிறது. அரசன் அரசனாகவும் தகப்பன் தகப்பனாகவும் நடந்தால்தான் அந்தப் பெயர் அவர்களுக்குப் பொருந்தும். மேலிருப்பவர் பிழை செய்தால் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வது அமைச்சனுக்கும் மகனுக்கும் கடமை. பெற்றோர் பேணலைப் பற்றிய பழைய நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஒருவழிக் கீழ்ப்படிவை முதன்மைப்படுத்தும் 'மூன்று பிணைப்புகள்' பிற்காலத்து ஹான் பேரரசின் ஆட்சித் தேவையோடு சேர்ந்து வலுப்பெற்றவை. முகாமைத்துவ நூல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் கொன்பியூசியம் என்று விற்கின்றன.

2015இல் தொஷிபா கம்பனியின் கணக்கு மோசடி வெளியாயிற்று. ஏழு வருடங்களில் 15,000 கோடி யென்னுக்கு மேல் இலாபம் கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. மேலிடம் 'சவால்' என்று பெயரிட்டு எட்ட முடியாத இலக்கைக் கொடுக்கும். மேலதிகாரியின் விருப்பத்துக்கு மாறாக நடக்க முடியாத சூழலில் கீழுள்ளவர்கள் கணக்கை வளைத்தார்கள் என்று சுயாதீன விசாரணைக் குழு எழுதியது. தொடர்ந்து தலைவர்களாக இருந்த மூவர் விலகினர். 'பாருங்கள், கொன்பியூசியக் கீழ்ப்படிவு' என்று பலர் சொன்னார்கள். ஆனால் அதே ஜப்பானில், டொயோட்டாவின் உற்பத்தி வரிசையில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி பிழை கண்டால் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம். ஒரே நாடு, ஒரே மரபு. ஓரிடத்தில் கணக்காளர் வாய் திறக்கவில்லை, மற்ற இடத்தில் தொழிலாளி வரிசையை நிறுத்துகிறார். வித்தியாசம் கயிறு இருக்கிறதா என்பதிலும் இழுத்தவனை யாரும் ஏசமாட்டார்கள் என்ற உறுதியிலும் இருக்கிறது.

சீனாவிலும் 2019இல் இதையொத்த விவாதம் எழுந்தது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை, வாரம் 6 நாள் என்னும் '996' வேலை முறையை அலிபாபாவின் ஜெக் மா ஒரு பாக்கியம் என்றார். வாரத்துக்கு 72 மணித்தியாலம்! இளம் ஊழியர்கள் அந்த உபதேசத்தைத் தலைகுனிந்து ஏற்கவில்லை. இணையத்தில் கம்பனிகளின் பெயர்ப்பட்டியல் போட்டார்கள். 2021 ஓகஸ்டில் சீன உச்ச நீதிமன்றம் அந்த முறை சட்டவிரோதம் என்று தெளிவுபடுத்தியது. உழைப்பை மதிக்கும் கலாசாரம் என்று மேலே இருப்பவர் பேச, தொழிற்சட்டம் என்று கீழே இருப்பவர் பேசினர். அட்டவணை எழுதியவர் முதலாமவரிடம் மட்டுமே கேட்டு எழுதியிருக்கிறார்.

6

இனி என் கதை. பல வருடங்களுக்கு முன் சுதந்திர வர்த்தக வலயத்தில், கிழக்காசிய முதலாளி ஒருவரின் ஆடைத் தொழிற்சாலையில் கணக்கு லிகிதராக இருந்தேன். எனக்கு மேலே இருந்த கணக்காளர் நம்மூர்க்காரர், வயதில் மூத்தவர். ஒரு மாதச் சம்பளப் பட்டியலைப் பார்த்தபோது, தையல் பிள்ளைகளின் மேலதிக நேரம் ஒன்றரை மடங்காகக் கணிக்கப்படாமல் சாதாரண வீதத்திலேயே கணிக்கப்பட்டிருந்தது. முந்திய மாதங்களையும் புரட்டினேன். அங்கும் அப்படித்தான். நான் வாய் திறக்கவில்லை. "பெரியாக்கள் செய்யக்குள்ள நாம குறுக்க நிக்கப்படா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சிங்களப் பிள்ளை சம்பளச் சீட்டோடு நேரே முகாமையாளரின் அறைக்குப் போனாள். கிழக்காசியரான முகாமையாளர் எங்களைக் கூப்பிட்டு, இது யாருக்காவது முன்பே தெரியுமா என்று கேட்டார். அப்போதும் நான் பேசவில்லை. அந்த மாதத்து வித்தியாசத்தைக் கொடுக்கச் சொன்னார். பழைய மாதங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. தெரிந்த நான் சொல்லவுமில்லை.

நான் கொன்பியூசியஸை ஒரு வரியும் வாசிக்காத காலம் அது. என் மௌனத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்தேன். உண்மையில் அது பயம். வீட்டில் வாப்பா வருத்தமாகக் கிடந்தார், என் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. அந்த முகாமையாளர் என்னைப் பற்றி அறிக்கை எழுதியிருந்தால் தெற்காசியக் கலாசாரம், மூத்தோரை எதிர்த்துப் பேசாதவர்கள் என்று எழுதியிருப்பார். அந்தப் பிள்ளையும் தெற்காசியக் கலாசாரத்தில்தானே பிறந்தாள்?

7

சீன முஸ்லிம் அறிஞர்கள் கொன்பியூசிய மரபைக் கையாண்ட விதத்தை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். 17ஆம் நூற்றாண்டில் வாங் தாய்யூவும் அவருக்குப் பின் லியூ சியும் இஸ்லாமியப் போதனைகளைச் சீன மொழியில் கொன்பியூசியச் சொற்களைக் கொண்டே விளக்கினார்கள். ஐந்து உறவுகளையும் லியூ சி விரிவாக எடுத்துப் பேசினார். தாம் வாழ்ந்த நாட்டின் மரபை அவர்கள் தலைவிதியாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசித்து, தெரிந்து, தமக்குத் தேவையான கேள்விகளை அதனிடம் கேட்டார்கள். ஷிபுசாவாவும் தன் வழியில் அதையே செய்தார், பாதியில் நின்றாலும்.

இன்று நம்மிடையேயும் 'இஸ்லாமிய முகாமைத்துவம்' என்ற பெயரில் நூல்களும் கருத்தரங்குகளும் பெருகுகின்றன. நல்லது. ஆனால் அவற்றுள் சிலவற்றில் தொழிலாளியின் அமானிதம் பத்துப் பக்கத்துக்கு வருகிறது, முதலாளியின் அமானிதம் பத்து வரிக்குள் முடிந்துவிடுகிறது. கொன்பியூசியஸுக்கு நேர்ந்தது இதுதான்.

மருமகனுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். "சோதினைக்கு அட்டவணையை அப்படியே எழுதுங்க, புள்ளி முக்கியம்" என்றேன். பிறகு கொப்பியில் மூன்றாவது நிரல் ஒன்றைக் கீறச் சொன்னேன். மேலிருப்பவர் செய்ய வேண்டியது என்ன என்று அதற்குத் தலைப்பிட்டோம். மூத்தோரை மதித்தல் என்ற வரிக்கு எதிரே அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிழையச் சொல்ல வாறவனுக்குக் கதவத் திறந்து வைக்கிறது" என்று எழுதினார். மற்ற வரிகள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன.